கோடு

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி
ஒரு கறுப்புக் கோடு.
மாலைப் பணியிலிருந்த மருத்துவர்
வெட்ட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போனது.
எலியோதோரோ மான்சில்லா குனிந்து பார்த்தார்.
அறுபத்தொரு வயது, நாற்பது வருடம்
ஆட்டு ரோமம் கத்தரித்தவர்.
"இவ்வளவு நேராக நான்கூடக் கத்தரித்ததில்லை" என்றார்.

புன்டா அரேனாஸில் காற்று
நிற்கிறவனைக் கேட்காமல் தள்ளும்.
அன்றைக்கு மருத்துவமனை ஜன்னல்கள்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

புண் எப்படி வந்தது என்று கேட்டேன்,
படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.
விறகு அடுப்பருகே கால் நீட்டித் தூங்கினாராம்.
சுட்டது தெரியவில்லை.
நாற்றம் முதலில் தெரிந்தது நாய்க்கு.
பதினேழு வருடச் சர்க்கரை
பாதத்துக்குள் ஒவ்வொரு விளக்காக
அணைத்துக்கொண்டே வந்திருக்கிறது.
கடைசி விளக்கு அணைந்த நாள்
வீட்டுக்காரருக்கே தெரியாது.

டாக்டர் யாஸ்னா மார்டினிச்
இரவு பதினொன்றுக்கு வந்தார்.
ஈரக் கோட்டைக் கழற்றாமலே படத்தைப் பார்த்தார்.
தொடைவரை ஓடிய ரத்தம் முழங்கால் தாண்டி
மணலில் விட்ட ஆறாகக் காணாமல் போயிருந்தது.
கணுக்காலுக்கு அப்பால் மட்டும்
தலைமுடி கனத்தில் ஏதோ ஒன்று.
"இது போதும்" என்றார்,
யாரிடம் என்று இல்லாமல்.

அன்றிரவே சீழை வடித்தோம்.
மூன்றாம் நாள், ரத்தத்துக்கு வழி.

என் வேலை காலைத் தூக்கிப் பிடிப்பது.
பதிவேட்டில் அதற்கு இடமில்லை.
ஒரு மனிதனின் கால் எவ்வளவு கனம் என்று
என் முன்கைகளைக் கேளுங்கள்.

அதே காலின் உட்புறத்து நாளத்தை உரித்தெடுத்துத்
தலைகீழாகத் திருப்பினார்கள்.
அதன் வால்வுகள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள்,
இதயத்துக்குத் திரும்பியே பழகியவை.
இனி அவை வழிவிட வேண்டியது
கீழே போகிற ரத்தத்துக்கு.
முழங்காலின் பின்னிருந்து பாதத்தின் மேல்வரை
அவருடையதைக் கொண்டே அவருக்கு ஒரு வாய்க்கால்.
தைக்கிற நூலோ
கண்ணிமை முடியைவிட மெல்லிசு.

பச்சைத் துணிக்கு அப்பால்
இடுப்புக்குக் கீழ் மரத்துப்போன மான்சில்லா
பேசிக்கொண்டே இருந்தார்:
ஆட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்க வேண்டும்,
நம் கால் நடுங்கினால் அது பயந்துவிடும்,
தோலில் கத்தரி பட்டால் தார் தடவுவோம்,
நீங்கள் என்ன தடவுவீர்கள்?
"நூல்" என்றார் யாஸ்னா.
அவருக்குச் சொன்ன பதிலா,
எங்களிடம் கேட்டதா, தெரியாது.

கவ்விகளை எடுத்த பிறகு
பேனா போன்ற கருவியைப் பாதத்தில் வைத்தார்.
இரைச்சல். மறுபடியும் இரைச்சல்.
வெளியே வீசுவதற்கும் அதே ஓசைதான்,
எது காற்று எது கால் என்று பிரிக்க முடியவில்லை.
ஒரு நகக்கண் அளவு நகர்த்தினார்.

உஷ்ஷ்.
உஷ்ஷ்.
உஷ்ஷ்.

"யாரது?" என்றார் மான்சில்லா.
"நீங்கள்தான்."
அவர் பேச்சு நின்றது அப்போதுதான்.

நாலாவது விரலும் ஐந்தாவது விரலும் போயின.
காலைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது
நாங்கள் அவற்றை எண்ணுவதில்லை.
அவர் எண்ணினார்.
பிறகு, நடக்கையில் பாதத்தின் முன்பக்கம்
மறுபடி நசுங்காமலிருக்கக்
குதிகால் தசைநாணைக் கொஞ்சம் நீட்டிவிட்டோம்.
ஒரு மாதம் கழித்துத்
தொடையிலிருந்து தோலைச் சீவிப் புண்ணுக்குப் போர்த்தியபோது
"இப்போது ஆடு நான்" என்றார்.

பாதம் சூடானது. நிறம் வந்தது.
உணர்வு வரவில்லை, வராது என்பதையும் சொன்னோம்.
இரவுதோறும் தரையில் கண்ணாடி வைத்து
உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.
அடுப்புக்கும் காலுக்கும் நடுவே
நாய் படுத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போகிற நாள்
கால்சட்டையைச் சுருட்டித் தேடினார்.
மை எப்போதோ போய்விட்டது.
"எந்த இடம்?"

குனிந்து, விரலால் தொட்டுக் காட்டினேன்.

"உன் கை ஜில்லென்று இருக்கிறது" என்றார்.